நான்காம் நிறுத்தம்: அக்காவின் சமையலறை

மனித குலத்தின் வளர்ச்சியை அறிஞர்கள் எப்படியெப்படியோ பிரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டே கட்டங்கள்தான். எங்கள் நகராட்சி தரையில் அம்புக்குறி போடுவதற்கு முன்பு, போட்ட பின்பு. முதல் கட்டத்தில் மனிதன் கால் போன போக்கில் நடந்தான். இரண்டாம் கட்டத்தில் நேராக என் அக்காவின் சமையலறைக்குள் நடந்தான்.

திட்டத்தின் பெயர் 'தானே நடந்து தானே காண்க'. பழைய நகரத்தின் நடுப்பகுதியை வெளியூர்க்காரர்கள் வழிகாட்டி இல்லாமல் தாங்களாகவே சுற்றிப் பார்க்கும் நவீன ஏற்பாடு. வழிகாட்டி என்றால் சம்பளம் கொடுக்க வேண்டும். தவிர, யாராவது கேள்வி கேட்டால் அவர் பதில் வேறு சொல்லித் தொலைப்பார். அம்புக்குறியிடம் இந்தக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. எனவே திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. தொன்மை நடைக் குழுவின் செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை நான்தான் வாசித்தேன். வாசிக்கும்போது என் குரல் நடுங்கியது. கூட்ட அறையில் ஏசி அப்படி.

முழு நடைக்கும் ஒரே ஒலிப்பதிவு. செல்போனில் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு அம்பு காட்டும் வழியில் நடந்தால் போதும். காது கேட்பதும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகும். நான்காம் நிறுத்தம்தான் நடையின் மகுடம்: இருநூறு வருஷத்துத் தானியக் கிடங்கு.

கிடங்குக்குத் திரும்பும் முனையில் அம்பு வரைய வேண்டிய அன்று பெயின்டர் என்னைத் தேடி வந்தார்.

"சார், அம்பு போடுற எடத்துல, மரத்தடியில, தலைவர் கார் நிக்குது."

"எடுக்கச் சொல்லுங்க."

"நீங்க சொல்றீங்களா சார்?"

நான் பொறியாளரைப் பார்த்தேன். பொறியாளர் ஆணையரைப் பார்த்தார். ஆணையர் செல்போனைப் பார்த்தார். நகராட்சித் தலைவரின் காரை நகரச் சொல்வது தலைவரையே நகரச் சொல்வது போல என்பது நிர்வாகம் தெரிந்த யாருக்கும் விளங்கும். ஆகவே காருக்கு இடைஞ்சல் இல்லாமல், கொஞ்சம் ஒதுக்கி, கொஞ்சம் வளைத்து அம்பு போடப்பட்டது. அந்தக் 'கொஞ்சம்' எதிரே இருந்த சந்துப் பக்கம் காட்டியது. சந்தின் கோடியில் என் அக்கா வீட்டுப் பின்கதவு. சமையலறைக்குக் காற்று வேண்டும் என்று அக்கா அதைப் பகலெல்லாம் திறந்தே வைத்திருப்பாள்.

நடை தொடங்கிய முதல் நாளே போன் வந்தது.

"தம்பி, யார் யாரோ சமையல்கட்டுல நின்னுக்கிட்டு விட்டத்தைப் பாக்குறாங்கடா. காதுல என்னமோ மாட்டியிருக்காங்க. நான் பேசுறது ஒருத்தருக்கும் கேக்கல."

ஓடினேன். வாசல் வரை வரிசை. ஒருவரின் போனிலிருந்து அந்தக் கம்பீரமான குரல் வெளியிலும் கேட்டது.

'எதிரே கரி படிந்த சுவரைக் காணுங்கள். பெருந்தீ ஒன்றின் சாட்சி.'

"அது போன மாசம் குக்கர் வெடிச்சதுங்க," என்றாள் அக்கா.

'அண்ணாந்து பாருங்கள். கூரையின் வழியே இறங்கும் ஒளிக்கீற்று அக்காலக் கட்டடக் கலையின் நுட்பம்.'

"அது ஓடு உடைஞ்சதுங்க. மழைக்கு முன்னாடி மாத்தணும்."

'மூட்டைகளுக்கு நடுவே காவலாளி ஒருவர் எந்நேரமும் அமர்ந்திருப்பார்.'

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, பனியனோடு, மாமா உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரை யாரும் இப்படி மரியாதையாகப் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து அவர் சவரம் செய்வதை நிறுத்திவிட்டார். காவலாளிக்கு அதுதான் எடுப்பாக இருக்கிறதாம்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அந்த அம்பை அழிச்சிட்டு ஒழுங்கா போடு. மேகம் கூடிக்கிட்டு வருது. இத்தனை பேர் உள்ள நின்னா ஓடு மாத்துறவரு ஏணி எங்க வைப்பாரு?"

அவசரக் கூட்டம் கூடியது. இவ்வளவு கூர்மையான விவாதத்தை அந்த அறை அதற்கு முன் கண்டதில்லை.

"அம்பு தப்புன்னு ஒத்துக்கிட்டா, ஏன் தப்புன்னும் சொல்லணும்," என்றார் ஆணையர்.

"ஏன்னு சொன்னா, காரைச் சொல்லணும்," என்றார் பொறியாளர்.

ஆணையர் ஏசியைக் கொஞ்சம் குறைத்தார்.

"அப்ப அம்பு சரி," என்றார் ஆணையர்.

"அம்பு சரின்னா, சார்?"

"அம்பு எதைக் காட்டுதோ அதுதான் நான்காம் நிறுத்தம். இதுல என்ன சந்தேகம்?"

இவ்வாறாக என் அக்காவின் சமையலறை 'பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னம்' ஆயிற்று. இனி அதில் ஆணி அடிக்கக் கூடாது, சுண்ணாம்பு பூசக் கூடாது, முக்கியமாக ஓடு மாற்றக் கூடாது. இந்தப் பெருமையை நானே நேரில் போய் அறிவித்தேன்.

"மழை பெய்ஞ்சா?" என்று கேட்டாள் அக்கா.

"மழையும் தொன்மையானதுதானே அக்கா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ என் கூடப் பொறந்தவன்தானா?" என்றாள். அன்று எனக்குக் காபி கிடைக்கவில்லை.

மழை வந்தது. அக்கா அண்டா, குண்டா, இருக்கிற பாத்திரம் எல்லாவற்றையும் ஒழுகும் இடங்களில் வைத்தாள். 'ஒரு சொட்டு நீரும் புகாத கூரை' என்று குரல் புகழ்ந்துகொண்டிருக்க, பார்வையாளர்கள் குடை பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். அடுப்பு அணைந்தது. அக்கா கூரையையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கிடையில் கிடங்கைப் பார்க்க ஒரு ஈ காக்காகூடப் போகவில்லை என்பது ஆய்வில் தெரிந்தது. அம்பு காட்டாத இடத்துக்கு யார் போவார்கள்? யாரும் பார்க்காத கட்டடத்துக்குத் தொன்மை எதற்கு என்று ஆணையர் கேட்டார். பார்வையாளர்களின் வண்டிகளுக்கும் இடம் வேண்டும். தலைவரின் காரும் எத்தனை நாள்தான் தெருவில் நிற்கும்? இருநூறு வருஷம் பிடிவாதமாக நின்ற கிடங்கு இரண்டே நாளில் ஒத்துழைத்தது. அந்த இடத்தில் விசாலமான வண்டி நிறுத்துமிடம் உருவாயிற்று.

திறப்பு விழாவுக்கு நாங்கள் அத்தனை பேரும் போயிருந்தோம். தலைவர் ரிப்பன் வெட்டினார். கைதட்டல் அடங்கியதும்தான் எனக்கு உறைத்தது: நிறுத்துமிடத்தில் தலைவரின் கார் இல்லை. அது அதே பழைய முனையில், அதே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. புது இடத்தில் நிழல் இல்லையாம்.

அப்போது அக்கா வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"தம்பி, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துப்பா."

"சரிங்கம்மா," என்றார் டிரைவர். கார் நகர்ந்தது.

அவ்வளவுதான். பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் ரிப்பனைப் பார்த்தேன்.

"இத்தனை நாளா இங்கயே நிக்கிறீங்களே, யாரும் எதுவும் சொல்லலியா?" என்றாள் அக்கா.

"யாரும் கேக்கலியேம்மா. கேட்டிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேனே."

ஆணையர் தொண்டையைச் செருமினார். விதிமுறைப்படி ஒரு குடிமகள் நேரடியாக ஓட்டுநரிடம் பேசலாமா என்று என் காதோடு கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் சந்துப் பக்கமிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தது.

"அது என்ன சத்தம்?"

"ஓடு மாத்துறாங்க," என்றாள் அக்கா. "நீங்க எல்லாரும் இங்க கை தட்டிக்கிட்டு இருப்பீங்கன்னுதான் இன்னைக்கு வரச் சொன்னேன். ஏணியைக் காவலாளி பிடிச்சிக்கிட்டு இருக்காரு."

கடைசியாகக் காலியான அந்த இடத்தில் பெயின்டர் டப்பாவோடு வந்து குந்தினார். கிடங்கு இருந்த பக்கம் பார்த்தார். வெறும் சிமென்ட் தரை. சந்துப் பக்கம் பார்த்தார், அக்கா முறைத்தாள். எங்களைப் பார்த்தார், நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு வழியில்லாமல் அக்காவிடமே கேட்டார்.

"அம்பை எந்தப் பக்கம்மா போடட்டும்?"

"இங்க வந்து நின்னு, கிடங்கு எங்கேன்னு நாலு பேர் கேப்பாங்கல்ல?" என்றாள் அக்கா. "அவங்களுக்கு வழி தெரியணும். நகராட்சி ஆபீஸைப் பாத்துப் போடுங்க."