வந்து சேராத பொட்டலம்

“நாலு மணி. மறந்துடாதீங்க” என்று சொல்லிவிட்டு, மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு வங்கி வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

எதை மறக்கக்கூடாது என்பதுதான் வாத்தியாருக்குத் தெரியவில்லை. செல்போனில் செய்தி படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தபோது அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. வழக்கம்போல ஒரு “ம்” கொட்டினார். போதாதோ என்று இன்னொரு “ம்”. கடைசியில் “செஞ்சுடலாம்” என்று வேறு சொல்லித் தொலைத்தார்.

வேறு நாளாக இருந்தால் பின்னாலேயே ஓடி, “என்ன சொன்னே?” என்று கேட்டிருக்கலாம். இன்று முடியாது. தொலைதூரக் கிளைக்கு மூன்று வருடம் போக யாருக்காவது விருப்பமா என்று வங்கியில் கேட்டிருந்தார்கள். நாளைக் காலைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான படிவம் அவள் கைப்பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்: “இருபத்திரண்டு வருஷமா சுவரோட பேசிட்டிருக்கேன். இன்னொரு தடவை காதுல வாங்காம ம் கொட்டினீங்க, கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்.”

அந்த ஒன்றை மட்டும் அவர் முழுசாகக் கேட்டிருந்தார். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளிடம் நைசாக விசாரித்தார். “அம்மா இப்ப என்னம்மா சொன்னா?”

“எனக்கும் ஒண்ணும் கேக்கலப்பா” என்றாள் அவள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். ஒரு காதில் இயர்போன் வேறு. நம் ரத்தம்தானே என்று அலுத்துக்கொண்டு கல்லூரிக்குப் புறப்பட்டார்.

அங்கே அவர் நடத்துவது, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகும் விதம். மாணவர்கள் வைத்த பெயர் பொட்டல வாத்தியார்.

“தகவல் ஒரே மூட்டையா போகாது. சின்னச் சின்னப் பொட்டலமா பிரிச்சு, ஒவ்வொண்ணு மேலயும் முகவரியும் வரிசை நம்பரும் போட்டு அனுப்புவாங்க. ஒண்ணு இந்த வழியா வரும், இன்னொண்ணு சுத்திக்கிட்டு வரும். அந்தப் பக்கம் இருக்கிற கம்ப்யூட்டர் நம்பர் பார்த்து அடுக்கிக்கும். வந்ததுக்கெல்லாம் ‘வந்துடுச்சு’ன்னு பதில் போடும். பதில் வரலேன்னா இந்தப் பக்கம் திரும்ப அனுப்புவாங்க.”

“வராமலே ‘வந்துடுச்சு’ன்னு பதில் போட்டுட்டா சார்?” என்றது கடைசி பெஞ்சு.

வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்தார். “அப்ப... அனுப்பினவங்க வேற வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. அந்தப் பொட்டலம் போனது போனதுதான்.”

“அப்படி எந்த முட்டாள் கம்ப்யூட்டர் சார் பதில் போடும்?”

“கம்ப்யூட்டர் போடாது” என்று சொல்லி, வகுப்பைப் பத்து நிமிடம் முன்னதாகவே முடித்துக்கொண்டார்.

வராந்தாவில் நின்று மனைவிக்கு ஒரு தூண்டில் போட்டார். “எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன்” என்று செய்தி அனுப்பினார்.

“எது?” என்று பதில் வந்தது.

“நீ சொன்னதுதான்.”

“நான் என்ன சொன்னேன்?”

வந்த சரக்கு சேதாரமில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் முறையை அவர் ஒரு மாதம் பாடமாக நடத்துவார். இவள் படிக்காமலே செய்கிறாள். “போன்ல சொல்ற விஷயமா அது?” என்று சமாளித்தார்.

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: “ம்.”

அந்த ஓரெழுத்தைப் பார்த்து அவர் நடுங்கிப்போனார். இத்தனை வருடமாக அவள் இதைத்தானா வாங்கிக்கொண்டிருந்தாள்? முதல் தடவையாக அவள் மேல் பாவமாக இருந்தது. தன் கதி என்னவோ என்று பயமாகவும் இருந்தது.

மனைவியின் அண்ணனுக்குத் தெரிந்திருக்குமோ என்று போன் போட்டார். “மச்சான், இன்னிக்கு நாலு மணிக்கு என்ன?”

“நாலு மணிக்கா? வீட்ல விசேஷமா மாப்பிள்ளை? எங்களுக்குச் சொல்லவே இல்லையே!”

“விசேஷமெல்லாம் இல்ல மச்சான்...”

“சும்மா மறைக்காதீங்க. குடும்பத்தோட வந்துடறோம்.”

போன் வைக்கப்பட்டுவிட்டது. வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, போன மாதம் அவள் எதற்கெல்லாம் புலம்பினாள் என்று அரைகுறை ஞாபகத்தைக் கிளறினார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. வாஷிங் மெஷின் ஓடும்போது நடக்கிறது. அலமாரிக் கதவு மூடுவதில்லை. எது என்று தெரியாவிட்டால் என்ன? எல்லாவற்றையும் செய்துவிட்டால் சரியானது ஒன்று அதில் இருந்துதானே தீரும்! அரை நாள் லீவு போட்டார். பிளம்பர், மெக்கானிக், தச்சர் மூவரையும் சரியாக நாலு மணிக்கு வரச் சொன்னார்.

மூவரும் ஒன்றாகவே வந்தார்கள். பிளம்பர் குழாயைத் திருகினார். அது கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சியடித்ததும், மெஷினின் முதுகைக் கழற்றி வைத்திருந்த மெக்கானிக், “ஷாக் அடிச்சுடும்!” என்று கத்தி மெயின் சுவிட்சை அணைத்தார். கழற்றிய அலமாரிக் கதவை எங்கே வைப்பது என்று தெரியாமல் தச்சர் கூடத்து நடுவில் நின்றார். மறுமுனையை வாத்தியார் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மச்சான், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பரிசுப் பெட்டி எல்லாம் உள்ளே வந்தன. “என்ன மாப்பிள்ளை, விசேஷ வீட்ல கரண்ட் கூட இல்லாமயா?” என்றார் மச்சான், தண்ணீரில் கால் வைத்து.

அவர் பின்னாலேயே, வங்கியில் பர்மிஷன் போட்டுவிட்டு மனைவியும் வந்து நின்றாள்.

“என்னங்க இது?”

‘நீ சொன்னதுதான்’ என்று சொல்ல வாத்தியார் வாயெடுத்தார். கணுக்கால் வரை தண்ணீர், கையில் கதவு. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

“காலைல நீ சொன்னது என் காதுலயே விழல. கேக்காமலே ம் கொட்டிட்டேன். என்னவா இருக்கும்னு தெரியாம எல்லாரையும் வரவழைச்சுட்டேன். தப்பு என்னுதுதான். இன்னொரு தடவை சொல்லு, ஒரு எழுத்து விடாம கேக்கறேன். நீ மட்டும் போயிடாதே.”

பிளம்பர்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மனைவி கைப்பையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தாள். கையெழுத்துப் போடும் இடம் காலியாகத்தான் இருந்தது.

“கேக்கலேன்னு ஒத்துக்க உங்களுக்கு இருபத்திரண்டு வருஷமா?” என்று கேட்டு, அதை நாலாகக் கிழித்தாள்.

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கதவைத் தச்சரிடமே விட்டுவிட்டு, அவள் எதிரில் போய், வகுப்பில் முதல் பெஞ்சுக்காரன் மாதிரி நின்றார்.

“இப்ப சொல்லு. காலைல என்ன சொன்னே?”

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பதறிப்போனார்.

அறை வாசலில் நின்ற மகளால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ ‘நாலு மணி’ன்னு சொல்றதுக்கு முன்னாடி அம்மா ஒண்ணுமே சொல்லலப்பா. சத்தமே இல்லாம வாயை மட்டும்தான் அசைச்சாங்க!”