காருக்கு அடியில் மூன்று புடவை

பின்சக்கரம் தள்ளி ஓடும் கார் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்காதவர்களிடமும் அதைப் பற்றிப் பேசுவார்கள். இருபத்திரண்டு வயதில் எனக்கு அது முற்றிப்போயிருந்தது. பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டே டாக்டருக்கு, இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலை விளக்க முயன்றவன் நான். (அவர் இரண்டாவது ஊசி போட்டது பல்லுக்காகத்தானா என்று இன்றைக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது.)

தொண்ணூறுகளின் கடைசி அது. அப்பா ஆரணியில் பட்டு வியாபாரி. நூல் கொடுத்து நெய்ய வைத்து, புடவைகளை மூட்டை கட்டி, பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி விற்றவர். முதுகு வலி வந்ததும் ஒரு பழைய வெள்ளை அம்பாசிடரை வாங்கினார். நானோ அப்போதுதான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தேன். கார் அப்பாவுடையது. பேச்சு மட்டும் என்னுடையது.

அந்தக் காரை ஓட்டியவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். ஸ்டீயரிங் முறம் அளவுக்கு இருக்கும். கியர் ஸ்டீயரிங்கின் பக்கவாட்டிலேயே நீட்டிக்கொண்டிருக்கும். ஹெட்லைட்டைத் தாழ்த்த வேண்டுமானால் இடது காலால் தரையில் ஒரு குமிழை மிதிக்க வேண்டும். முன்சீட் சோபா மாதிரி ஒரே நீளம். காருக்கு அடியில், எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் ஆள் நீளத்துக்கு ஒரு இரும்புத் தண்டு ஓடும். அது சுழன்றால்தான் பின்சக்கரம் சுழலும். செய்யாறு ரோட்டில் இரண்டாவது கியரில் மிதித்தால், யாரோ பின்னால் நின்று முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். அந்தத் தள்ளலுக்காகவே தீப்பெட்டி வாங்கக்கூட காரை எடுத்துக்கொண்டு போவேன்.

அந்த வருஷம்தான் கோமதி அக்காவுக்குச் செய்யாற்றில் சம்பந்தம் முடிந்தது. மாப்பிள்ளை அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவருடைய அம்மாவை நிச்சயத்தன்று முதலே நான் அத்தை என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அத்தை நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் ராட்டையில் தறிக்கு நூல் சுற்றிய கை. அதனால் முகூர்த்தப் புடவையின் நிறத்தில் அவரை ஏமாற்ற முடியாது. மாம்பழ மஞ்சளைக் காட்டினோம், "கண்ணு கூசுது" என்றார். பச்சையைக் காட்டினோம், "கிளி மாதிரி இருக்கு" என்றார். கடைசியில் அரக்குக்குத் தலையாட்டினார், ஒரு நிபந்தனையோடு. நூலாகப் பார்க்கும்போது ஒரு நிறம், தறிக்கு ஏற்றுமுன் பாவாக நீட்டி விரித்தால் வேறு நிறம். ஆகவே காலை வெளிச்சத்தில் தெருவில் விரித்த பாவைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் காஞ்சிபுரத்தில் வாங்கிக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை. ஆரணிப் பட்டு வியாபாரியின் பெண் வெளியூர்ப் புடவையில் மணையில் உட்கார்ந்தால், அப்புறம் அவர் எந்த முகத்தோடு கடையைத் திறப்பார்? கல்யாணத்துக்கு நாற்பது நாள்தான் இருந்தது. இன்னொரு தடவை சாயம் போட்டு ஆரம்பிக்க நேரமில்லை.

பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புடவையின் நீளவாக்கில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன், அதைத் தெருவின் நீளத்துக்கு மூங்கில் கவைகளின் மேல் இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டுவார்கள். கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். ஒரு பாவில் மூன்று புடவை. பாவு விரித்திருக்கும் தெருவுக்குள் வண்டி வராது. போர்டு கிடையாது, யாரும் தடுக்கவும் மாட்டார்கள். சைக்கிளில் வருகிறவர் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். ஆரணியில் பிறந்த ஆடு மாட்டுக்குக்கூட இது தெரியும். (நானும் ஆரணியில்தான் பிறந்தேன்.)

பாவு விரித்த அன்று விடியற்காலையில் செய்யாற்றுக்குப் போய் அத்தையையும், மாப்பிள்ளையின் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டேன். சித்தப்பா நூறு கிலோவுக்குக் குறையாத மனிதர், அதிகம் பேசாதவர். எனக்கு மாமா முறை. அவர் பேசாததை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

"இப்ப வர்ற சின்ன காருங்கள்ல முன்சக்கரமே திரும்பணும், முன்சக்கரமே இழுக்கணும் மாமா. ஒரே ஆளு எவ்ளோ வேலை செய்வான்? இதுல பாருங்க, முன்னாடி திரும்பறது மட்டும்தான். தள்றதுக்குப் பின்னாடி தனி ஆளு."

"ம்."

"உங்க வீட்ல கூட அப்டிதான தம்பி?" என்றார் அத்தை பின்சீட்டிலிருந்து. "ஒருத்தரு சம்பாதிக்கறாரு, ஒருத்தரு பேசிகினு இருக்காரு."

மாமா முதல் தடவையாகச் சிரித்தார். நான் கியரை மாற்றினேன்.

அப்பா தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "தெரு முனையில வண்டிய நிறுத்திட்டு நடத்தி இட்டுகினு வா." ஆனால் வழியில் டீக்கு இறங்கியபோது அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டேன். பாவமாக இருந்தது. இவரை அவ்வளவு தூரம் நடக்க வைப்பதா? (பாவம் பாதி. தெருவே பார்க்க ரிவர்ஸில் போய் நிற்கும் ஆசை மீதி.) திரும்ப இடமில்லாத தெரு, ரிவர்ஸிலேயே உள்ளே போய், பாவுக்கு நாலு வீடு முன்னால் நிறுத்தினால், வரும்போது நேராக வந்துவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கஞ்சித் தண்ணீர் கணக்கில் இல்லை. தெருவின் ஓரத்தில் அது வழிந்து சேறாகிக் கிடந்தது. இடது பின்சக்கரம் அதில் வழுக்கிக் கால்வாய் விளிம்பில் இறங்கி, நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே இறக்கி நடத்திக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கோ படித்தது ஞாபகம் வந்தது.

"டிஃபரென்ஷியல் மாமா. ஒரு சக்கரம் வழுக்கினா சக்தி எல்லாம் அதுக்கே போயிடும். பின்னாடி வெயிட்டு ஏத்தினா போதும். நீங்க கொஞ்சம் டிக்கி மேல உக்காருங்க."

"நானா?"

"நீங்கதான் கரெக்டு."

அத்தை கதவைத் திறந்தார். "நீங்க இறங்காதீங்க அத்தை, நீங்களும் வெயிட்டுதான்" என்றேன். (அக்காவின் மாமியாராகப் போகிறவரிடம் சொன்ன வார்த்தை இது.)

மாமா டிக்கி மேல் ஏறி உட்கார்ந்தார். கார் பின்னால் தணிந்தது. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். என் வாழ்நாளில் நான் சொன்ன இயந்திர விதிகளில் முழுக்க நிரூபணமானது அது ஒன்றுதான். சக்கரம் தரையைப் பிடித்தது. கார் பின்பக்கமாகப் பாய்ந்தது. மாமா அந்த உடம்போடு பக்கவாட்டில் குதித்து, இரண்டு காலும் கால்வாய்க்குள் இருக்க, நேராக நின்றார். நான் பிரேக்கை மிதிப்பதற்குள் கார் நாலு வீட்டைக் கடந்து, முதல் கவையைச் சாய்த்து, தளர்ந்து விழுந்த பாவின் மேல் ஏறி நின்றது.

எங்களுக்குப் பாவு விரித்திருந்த நெசவாளர் தனசேகர் அண்ணன் தெருவின் அந்தக் கோடியிலிருந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவர் நிறுத்து என்கிறார் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு, முன்னால் எடு என்பது போலத் தெரிந்தது. வந்த வழியே முன்னால் போய்விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. முதல் கியரைப் போட்டேன்.

காருக்கு அடியில் சுழலும் அந்தத் தண்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது பாவைப் பிடித்துக்கொண்டது. கார் பத்தடிதான் நகர்ந்திருக்கும். கண்ணாடியில் பார்க்கிறேன், தெரு முழுக்க நீண்டிருந்த அரக்குப் பட்டு ஓடி ஓடி வந்து என் காருக்குள் போகிறது. கவைகள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. பாவின் மறுமுனையைப் பிடித்தபடி தனசேகர் அண்ணன் மனைவி கூடவே ஓடி வருகிறார். எஞ்சின் திணறி நின்றது.

அப்பா சம்பந்தியம்மாவுக்காகக் காபி பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். அருகில் வந்து, "சாவியக் குடு" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

தனசேகர் அண்ணன் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"எப்டி இருக்குண்ணா?" என்றேன்.

"கொஞ்ச நேரம் பேசாம இரு தம்பி." பிறகு அடியிலிருந்து குரல் வந்தது. "பேஜாராப் போச்சுங்க. நல்லா இறுக்கி சுத்திகினு இருக்குது. அறுத்துதான் எடுக்கணும்."

அவர் மனைவி உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தார். அதைக் கணவர் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டே நின்றார். அதற்குள் கூடிவிட்ட கூட்டத்தில் ஒரு கிழவர், "முகூர்த்தப் பாவு. கத்தரி பட்டா நல்லதில்ல" என்று முனகினார். அப்பா பிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டு ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் பின்கதவு திறந்து அத்தை இறங்கினார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி குனிந்து அடியில் பார்த்தார்.

"கத்தரிய உள்ள வைம்மா. தம்பி, இங்க வா. இந்தத் தண்டு எப்டி சுத்துது?"

என் பின்சக்கரக் காரைப் பற்றி ஒரு மனிதர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"அது வந்து அத்தை... எஞ்சின்லருந்து... தண்டு சுத்தி சக்கரம்..."

"அப்ப சக்கரத்தத் திருப்பிச் சுத்தினா, தண்டும் திரும்பிச் சுத்துமா, சுத்தாதா?"

சுற்றும். ஜாக்கி வைத்து ஒரு பின்சக்கரத்தைத் தூக்கி, நியூட்ரலில் போட்டுவிட்டுக் கையால் பின்னோக்கி உருட்டினால் தண்டு எதிர்ப்பக்கமாகச் சுழலும்; சுற்றிய பட்டு தானாகப் பிரியும். நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்த எனக்கு இது தோன்றவில்லை. எட்டாவதோடு நின்ற அத்தைக்குத் தோன்றியது. அவருக்கு அது கார் இல்லை, கொஞ்சம் பெரிய ராட்டை.

ஜாக்கியை நான் வைத்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை. அத்தை ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையால் உருட்ட ஆரம்பித்தார். அடியில் படுத்த தனசேகர் அண்ணன் இழைகளைத் தளர்த்தித் தளர்த்தி வெளியே விட்டார். அவர் மனைவி வாங்கினார். அப்பா எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்தார். நான் அவசரப்பட்டு இழுக்கப் போனேன், புறங்கையில் ஒரு அடி விழுந்தது.

"ஜல்தி வேணாம். நீ இழுக்காத. அதுவா வரும்."

இரண்டு மணி நேரம் ஆனது. மாமா காலைக் கழுவிக்கொண்டு, எதிர்வீட்டில் எட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி இழை வெளியே வந்ததும் அத்தை எழுந்தார். கையெல்லாம் கருப்பு. சுத்தமாக இருந்த முனையைத் தூக்கி வெயிலில் பிடிக்கச் சொன்னார். அப்பா பிடித்தார்.

அத்தை இந்தப் பக்கமாகவும் அந்தப் பக்கமாகவும் சாய்ந்து பார்த்தார்.

"கலர் சரியாத்தான் இருக்குதுங்க. இதுவே இருக்கட்டும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்தாரா, வியர்வையைத் துடைத்தாரா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

"வாங்க அத்தை, செய்யாறுல விட்டுடறேன்" என்றேன்.

"நாங்க பஸ்ல போறோம் தம்பி. நீ கை கால அலம்பிகினு போய் சாப்பிடு."

மூன்று புடவைப் பாவில் ஒரு புடவைக்கான நீளம் காயமில்லாமல் தப்பியிருந்தது. அதில்தான் அக்கா மணையில் உட்கார்ந்தாள். நடுப்பகுதி அறுந்து போயிற்று. மூன்றாவது பகுதி அறுபடவில்லை, ஆனால் கிரீஸ் ஏறிவிட்டது. அலசியும் போகவில்லை. தனசேகர் அண்ணன் அதையும் வீணாக்க மனமில்லாமல் நெய்தார். அரக்கு நிறத்தில், முழத்துக்கு முழம் மேகம் மாதிரி ஒரு சாம்பல் நிழல். அப்பா அதை அலமாரியின் அடியில் தள்ளினார். அத்தை கேட்டு வாங்கிக்கொண்டு போய், கல்யாணத்தன்று அதையே கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கே மூன்று பேர் அப்பாவிடம் வந்து, "அந்த நிழல் போட்ட டிசைன்ல ஒண்ணு கிடைக்குமாங்க?" என்று கேட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் பந்தி பரிமாறப் போனேன்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அம்பாசிடரைத் தேசூர்க்காரர் ஒருவருக்கு விற்றாயிற்று. இப்போது நான் ஓட்டுவது முன்சக்கரம் இழுக்கும் கார், ஓடுகிறது, அவ்வளவுதான். ஆனால் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அத்தை அந்தப் புடவையில்தான் வருகிறார். யாராவது ஒரு பெண்மணி முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "இது எந்த ஊர் வேலைங்க?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அத்தை பதில் சொல்லமாட்டார். மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிடுவார்.

"தம்பி, இங்க வாப்பா. இந்தம்மா டிசைன் கேக்கறாங்க."

நான் போய் நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும், தறி வேலைதாங்க என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்றுதான் போகிறேன். ஆனால் வாயைத் திறந்தால், "அதாவது, எஞ்சின் முன்னாடி இருக்குதுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறது.