மலை தாண்டி வந்த ரீல்

இனிமேல் பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை என்று ஹால்வர் சபதம் எடுத்தபோது அவன் கையில் பாத்திரம் தேய்க்கும் பிரஷ் இருந்தது. சபதத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. சிக்னே பக்கத்திலேயே நின்று தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். போன வருஷம் அவன் தூண்டிலில் ஒரு சால்மன் மாட்டியது. கன்றுக்குட்டி அளவு என்பான் ஹால்வர். சிக்னே கணக்கில் அது பூனைக்குட்டி. மீன் ஓடியது, நரம்பைச் சுற்றிவைக்கும் பழைய ரீலின் பிரேக் இறுகி நின்றது, நரம்பு பட்டென்று அறுந்தது. எதிர்க்கரையில் பக்கத்துப் பண்ணை ஒட்மூண்ட் காபி குடித்துக்கொண்டே முழுசையும் பார்த்தான். அன்றிலிருந்து ஊரில் எவன் ஷூ கயிறு அறுந்தாலும் "ஹால்வர் ஆயிடுச்சு" என்கிறார்கள்.

ஜூன் மாதம் மீன்பிடிக்கு ஆறு திறக்கும். முதல் நாள் காலையில் பெரிய மடுவில் தூண்டில் போடும் முறை இந்த வருஷம் அவர்கள் பண்ணைக்கு. அவர்கள் பண்ணை என்றால் சிக்னேயின் பாட்டன் பண்ணை. ஹால்வர் வீட்டோடு மாப்பிள்ளை. கரை யாருடையதோ, மீன் பிடிக்கும் உரிமையும் அவர்களுடையது. பெண்டாட்டி மனசு வைத்தால்தான் அவன் தூண்டில் தண்ணீரைத் தொடும். அன்றைக்கு ஒட்மூண்ட் கண்முன்னால் ஒரு மீனையாவது கரையேற்றிவிட வேண்டும். ஹால்வருக்கு அது மானப் பிரச்சினை.

"புது ரீல் வாங்கணும் சிக்னே."

"வாங்குங்களேன், யார் வேண்டாம்னா? கடையில மலிவா, கெட்டியா ஒண்ணு இருக்கு. நானே பார்த்தேன்."

"மலிவு ரீலுக்கெல்லாம் சால்மன் மசியாது."

"மீன் வந்து விலையைக் கேக்குமாக்கும்!"

"உனக்குப் புரியாது. பிரேக்குல ஒரு பக்குவம் வேணும். ஓடுறப்ப விட்டுக்கொடுக்கணும், களைச்சப்ப மெல்ல இழுக்கணும். விட்ட மாதிரியும் இருக்கணும், விடாத மாதிரியும் இருக்கணும்."

"இது தெரியாதா எனக்கு? கல்யாணம் ஆனதுலேர்ந்து அதைத்தானே பண்ணிட்டிருக்கேன்." தட்டை அடுக்கில் வைத்தாள். "படுக்கையறைக் கூரை ஒழுகுது. அந்தக் காசைத் தூக்கி ஆத்துல போட்டுடாதீங்க."

ஹால்வர் கூரைக் காசைத் தொடவில்லை. விறகு விற்ற காசை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனான். கடையிலேயே விலை கூடிய ரீலை வாங்கினான். கைப்பிடியைத் தொட்டால் வெண்ணெய் மாதிரி சுற்றியது. வீட்டுக்கு வந்து கொட்டகையில் ஒளிந்துகொண்டு அதை உப்புத்தாளால் தேய்த்தான், காபி மண்டியைப் பூசினான். தன் கையாலேயே அதைப் பழசாக்கும்போது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை உணவு மேஜையில், ரொட்டிக்கும் பழுப்புப் பாலாடைக்கட்டிக்கும் நடுவில் அதை வைத்தான்.

"மலைக்கு அந்தப்பக்கம் ஒரு பெரியவர். வயசாயிடுச்சு, மீன் பிடிக்கிறதை விட்டுட்டார். சும்மா கொடுத்த மாதிரி கொடுத்தார்."

வாங்கியது ஒரு ரீல். விட்டது ஒன்பது ரீல்.

சிக்னே ரொட்டியைக் கீழே வைத்தாள். "மலைக்கு அந்தப்பக்கமா? இதை அந்த ஆத்துலயா முக்கினார்?"

"பின்னே? வாழ்நாள் பூரா அங்கதான்!"

சொல்லி முடித்த பிறகுதான் ஹால்வருக்கு உறைத்தது. அந்த ஆற்றில் சால்மனைக் கொல்லும் ஒட்டுண்ணி நோய். அங்கே நனைந்த எதுவும் மருந்துத் தண்ணீரில் முங்கி எழாமல் இந்த ஆற்றைத் தொடக்கூடாது. கரையில் அதற்கென்றே ஒரு கொட்டகை உண்டு. இந்த வருஷம் அதற்குப் பொறுப்பு சிக்னே. மீன் பிடிக்க வந்த பாதிரியாரையே வெறுங்காலோடு நிற்க வைத்து அவர் பூட்ஸை முக்கியெடுத்தவள்.

"ஏங்க, கொஞ்சமாவது அறிவு இருக்கா? நோய் ஆத்து ரீலைச் சாப்பாட்டு மேஜையில வைக்கிறீங்க!"

"அது... காய்ஞ்சுதான் இருக்கு."

"கையைக் கழுவுங்க. பூட்ஸைக் கழட்டுங்க. கோட்டையும் கழட்டுங்க. அந்தப் பெரியவர் போன் நம்பர் சொல்லுங்க, நம்ம ஊர்ல வேற யாருக்காவது வித்தாரான்னு கேக்கணும்."

"அவர் செத்துட்டாரே."

"எப்போ?"

"நேத்து."

"நேத்துதானே வித்தார்?"

"வித்த துக்கம் தாங்கல போல."

"அடப் பாவமே! சம்சாரம் இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குப் பூட்டு இல்லை.

ரீல் மருந்துத் தண்ணீரில் முங்கியது. பிறகு அந்தக் கரைக் கொட்டகையிலேயே கம்பியில் தொங்கியது. முழுசாகக் காயும்வரை யாரும் தொடக்கூடாது என்று சிக்னே உத்தரவு போட்டாள். அன்று மதியமே ஏலக்காய் மணக்க ஒரு கேக் சுட்டு ஹால்வர் கையில் கொடுத்தாள். "அந்தம்மாவைப் பார்த்து நாலு வார்த்தை ஆறுதல் சொல்லிட்டு வாங்க." ஹால்வர் பாதி மலையில் காரை நிறுத்தி, இல்லாத விதவைக்குச் சுட்ட கேக்கை ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்தான்.

"எப்படி?" என்றாள் அவன் வந்ததும்.

"பிரமாதம்."

"நான் அந்தம்மாவைப் பத்திக் கேட்டேன்."

"அவங்களும்... பரவாயில்ல."

ஆறு திறக்கும் நாள் வந்தது. விடிந்ததும் ஹால்வர் கரைக் கொட்டகைக்கு ஓடினான். கம்பி காலியாக இருந்தது. வாசலில் சிக்னே, கையில் நாடா கட்டிய ஒரு சின்னப் பெட்டியோடு.

"உங்களுக்குத்தான். புத்தம் புதுசு. கூரைக் காசுல கொஞ்சம் எடுத்தேன். கூரை இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும், உங்க முகம் தாங்காது."

கடையில் அவள் பார்த்து வைத்த அதே மலிவு ரீல். இப்படிப்பட்டவளிடமா பொய் சொன்னோம் என்று ஹால்வருக்கு வெட்கமாக இருந்தது. "சிக்னே, அந்தப் பழைய ரீல்..."

"அதை நான் வச்சுக்கறேன். வீட்டு ஆம்பளைக்குப் பழசைக் கொடுத்துட்டு நான் புதுசு வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

அவள் தூண்டில் கோலில் அது ஏற்கெனவே ஏறியிருந்தது.

மடுவில் முதல் வீச்சு உரிமைக்காரியுடையது. மூன்றாம் வீச்சில் மீன் மாட்டியது. ஓடியது, விட்டாள். களைத்தது, இழுத்தாள். ரீல் பட்டு மாதிரி சுழன்றது. வலையில் கோரி எடுத்தவன் ஹால்வர்.

"ஏ சிக்னே! என்ன ரீல் அது?" எதிர்க்கரையிலிருந்து ஒட்மூண்ட் கத்தினான்.

"செத்தவர் கொடுத்தது!"

பிறகு ஹால்வர் வீசினான். மலிவு ரீலில் ஒரு சால்மன். அவள் மீனில் பாதிதான் இருக்கும். ஆனால் பிரேக் ஒழுங்காக விட்டது, நரம்பு தாங்கியது, மீன் கரையேறியது. ஒட்மூண்ட் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினான். ஹால்வருக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது சிக்னே அவன் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, நம்ம நிலவறையில உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால ஒரு புது ரீல் பெட்டி இருக்கு. அந்தப் பெரியவர் உயிரோட இருந்தப்ப ஒளிச்சு வச்சிருக்கார் போல. அதுல இந்த ரீலுக்கு நரம்பு சுத்தற உருளை இன்னொண்ணு இருக்கு, வீட்டுக்குப் போனதும் அதையும் எடுத்துக் கொடுத்துடுங்க."