மயிலிறகும் மூன்று மூட்டை யூரியாவும்

கரும்பு மஞ்சளாக இருந்தது. வர்த்தமானன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் மஞ்சள்தான்.

"பிராமி! ஓடி வா!"

மனைவி வந்து பார்த்தாள். "காஞ்ச கரும்பு எலையை, சோகையை, மூடாக்கா போட்டீங்க. அது மக்கற வரைக்கும் பயிருக்குத் தழைச்சத்து கெடைக்காது. பொறுங்க."

பொறுக்க நேரமில்லை. திருப்புட்குழியில் அவருக்குக் கால் ஏக்கர். வரப்புக்கு அந்தப் பக்கம் அப்துல் சத்தாருக்குக் கால் ஏக்கர். வேளாண் அதிகாரி சுகாசினி வைத்த போட்டி. இவர் மண்புழு உரம், அவர் யூரியா. ஜெயிக்கிற உரத்தையே அடுத்த நடவில் ஊர் முழுக்கப் போடும். யூரியாவை ஊரைவிட்டே விரட்டப்போவதாக வர்த்தமானன் டீக்கடையில் மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு மூட்டை யூரியா," என்றார் மெதுவாக.

"இன்னா?"

"மண்புழு உரத்துக்குக் கொஞ்சம் கைகொடுத்தா ஜெயிச்சுடும். கடையில வாங்கினா கைரேகை கேப்பாங்க, மேடத்துக்குத் தெரிஞ்சிடும். நீ பாய்கிட்ட தென்னைக்குன்னு கேட்டு வாங்கியா."

வாங்கி வந்தாள். "சாக்கைக் கிழிக்காம குடுங்க. திருப்பித் தரணும்."

பத்தே நாளில் கரும்பு கரும்பச்சை. வர்த்தமானன் வரப்பில் குதித்தார். மண்புழு உரக் குழிப் பக்கம் போவதையே விட்டார். பிறகு எட்டிப் பார்த்தார். பாய் வயலும் பச்சை.

"இன்னொரு மூட்டை!"

கரும்பு விறுவிறுவென்று வளர்ந்தது. வளர்ந்த வேகத்தில் சாய்ந்தது. தறிக்காரர்களிடம் கலர் கலராகக் கழிவு நூல் வாங்கி வந்து கட்டி நிறுத்தினார். வயல் கல்யாண வீடு மாதிரி ஆனது. பாய் கரும்பு கட்டாமலே நிமிர்ந்து நின்றது.

"இன்னும் ஒண்ணு!"

"நமக்கு இருக்கறதே ஒரு தென்னை. பாய் இன்னா நெனைப்பாரு?"

"பெரிய தென்னைன்னு சொல்லு!"

மூன்றாவது மூட்டையில் இலை கொழுத்தது. கொழுத்த இலைக்கு அசுவினிப் பூச்சி வந்தது. வர்த்தமானன் எறும்பைக்கூட மிதிக்காத சமணர். மருந்தடிக்க மனம் ஒப்பவில்லை. மயிலிறகுக் கட்டால் இலை இலையாக வருடி, பூச்சிகளை நோகாமல் கீழே இறக்கிவிட்டார். அவை அடுத்த வரிசையில் ஏறிக் குடும்பத்தோடு தங்கின.

வரப்பிலிருந்து சத்தார் கேட்டார்: "இன்னா நயினாரே, மந்திரிச்சிக்கினு இருக்கீங்களா? எங்க தர்காவுலயும் இதே மயிலிறகுதான்."

"சிரிங்க பாய், சிரிங்க! அறுப்பன்னிக்குப் பார்ப்போம்!"

அந்த நாளும் வந்தது. ஊரே வரப்பில் நின்றது. சுகாசினி இரண்டு கரும்பையும் பிழிந்து சாற்றில் சர்க்கரை எத்தனை சதவீதம் என்று பார்த்தாள். பாய் கரும்பு இருபது. வர்த்தமானன் கரும்பு பதினாலு.

"சாரி சார். சாய்ஞ்சிருக்குது, பூச்சி வேற. மண்புழு உரத்தால இவ்ளோதான் முடியும் போல. யூரியாதான் ஜெயிச்சிருக்குது."

ஊர் கைதட்டியது. வர்த்தமானன் சத்தாரிடம் பாய்ந்து போனார்.

"பாய், உண்மையைச் சொல்லுங்க. எத்தினி மூட்டை யூரியா போட்டீங்க?"

சத்தார் திருதிருவென்று பிராமியைப் பார்த்தார். அவள் கணவனின் சட்டையை இழுத்துக் காதோடு சொன்னாள்:

"சத்தம் போடாதீங்க. அவருகிட்ட இருந்த மூணையும் நமக்கே குடுத்துட்டாரு. வாங்கின சாக்கை வெறுமையாத் திருப்பக் கூடாதுன்னு, ஒண்ணுக்குப் பத்தா நான் நிரப்பி நிரப்பி அனுப்பினேனே நம்ம மண்புழு உரம், அதைத்தான் போட்டாரு."