பொறுப்பற்ற சாரதிக்கு ஒரு தேத்தண்ணி

மேடையில் பேசிப் பழகியவனிடம் ஒரு குறை இருக்கும். அதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியும், கேள்வி கேட்கத் தெரியாது. விவாத மேடையில் அந்தக் குறை வெளியே தெரிவதில்லை. பொதி விநியோக வேனின் சாரதி இருக்கையில் ஏறிய முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

பாடசாலைக் காலத்தில் விவாதப் போட்டிகளில் ஐந்து கிண்ணங்கள் வென்றவன் நான். (ஐந்தும் தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில், எங்கள் வீட்டில் இன்னும் இருக்கின்றன. ஒன்றில் அம்மா உப்புப் போட்டு வைத்திருக்கிறார்.) அந்தப் பெருமையோடு வெளியே வந்த எனக்கு ஹட்டனில், ஒரு விநியோக நிறுவனத்தின் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. வந்து குவியும் பொதிகளைத் தோட்டத்தின் பெயர் பார்த்துத் தட்டுகளில் பிரித்து அடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் அடுக்கினேன். பின்னர் ஒரு சாரதி வேலையை விட்டுப் போனார். என்னிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது, விண்ணப்பித்தேன்.

பொறுப்பாளர் சாந்தி அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தம்பி, தோட்டத்துப் பாதையில தனியா போயி வீட்டைக் கண்டுபிடிச்சிருவீங்களா?"

நான் எழுந்து நின்றேன். "அக்கா! அக்கரப்பத்தனை முதல் கந்தப்பளை வரை ஒவ்வொரு தோட்டத்தின் பெயரும் என் நாவில் குடியிருக்கிறது. நான் முகவரிகளைத் தேடிச் செல்ல மாட்டேன். முகவரிகள் என்னைத் தேடி வரும்!" (கைதட்டலுக்காகச் சற்று இடைவெளியும் விட்டேன்.)

"ஆமா, இல்லன்னு சொன்னா போதும் தம்பி" என்றார் அக்கா. "நாளைக்கு ஒரு நாள் பாப்போம். இருபத்திரண்டு பார்சல் இருக்கு. ஒண்ணு திரும்பி வந்தாலும் நீங்க திரும்ப ஸ்டோருக்குத்தான். சரியா?"

அன்று மாலைக்குள் மகன் டிரைவராகிவிட்டான் என்று அம்மா லயம் முழுக்க அறிவித்துவிட்டார். இனித் தோற்பதற்கு வழியே இல்லை.

மறுநாள் பகல் ஒரு மணிக்குள் இருபத்தொரு பொதிகள் கைமாறின. எஞ்சியது ஒன்று. பெறுநர்: கே. சிவசுப்பிரமணியம், மேல் பிரிவு, வில்டன்மூர் தோட்டம். கைத்தொலைபேசி வரைபடம் என்னை ஒரு தேயிலை மலையின் நடுவே கொண்டுபோய் நிறுத்தி, இடம் வந்துவிட்டது என்றது. அங்கே வீடும் இல்லை, பாதையும் இல்லை. பனிமூட்டம் மட்டும் இறங்கி வந்துகொண்டிருந்தது. வேனைத் திருப்பினேன். எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்பதே சந்தேகமாகிவிட்டது.

கொழுந்துக் கூடையோடு ஓர் அக்கா வந்தார். "தாயே! வில்டன்மூர் என்னும் தோட்டம் எத்திசையில் உள்ளது?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது காயிதத்துல உள்ள பேருங்க. வாயில சொல்ற பேரு என்னாங்க?"

எங்கள் தோட்டங்களுக்கு இரண்டு பெயர்கள். கம்பனிக் கடிதத்தில் ஒன்று இருக்கும்; சனங்களின் வாயில் வேறொன்று இருக்கும். இரண்டுக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. இரண்டு வருடம் களஞ்சியத்தில் நான் படித்ததெல்லாம் கடிதப் பெயர்கள். வாய்ப்பெயரைக் கேட்டறிய வேண்டும் என்று அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்கலாம். மாறாக, "எழுதப்பட்டதே ஆதாரம்" என்று அந்த அக்காவுக்கு ஒரு சிற்றுரை ஆற்றினேன்.

"அப்பன்னா அந்த காயிதத்துக்கிட்டயே கேளுங்க" என்று அவர் போய்விட்டார்.

உறையிலிருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். "பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களே! தங்களது பொதியைத் தாங்கியவண்ணம்..." என்று நான் தொடங்கியதும் இணைப்புத் துண்டிக்கப்பட்டது. பிறகு அழைத்தபோதெல்லாம் எடுக்கவே இல்லை.

இரண்டு மணி நேரம் சுற்றினேன். ஒரே கோயிலை நான்கு தடவை கடந்தேன். (மூன்றாம் தடவை பூசாரி கையசைத்தார்.) நான்காம் தடவைதான் பனி சற்று விலகி, கோயிலடி வளைவு கண்ணுக்குப் பழகியதாகத் தெரிந்தது. சவுக்குத் தோட்டம்! அம்மா பிறந்த இடம். அவருடைய அண்ணன் ராசு மாமா இருக்கும் இடம். நனைந்து, பசித்து, குழம்பிப்போய் மாமா வீட்டு வாசலில் வேனை நிறுத்தினேன்.

"அடடே, டிரைவர் மருமகனா! வாய்யா, வாய்யா!" மாமா முழங்கை கிழிந்த சுவெட்டரோடு நடுங்கியபடி நின்றார். அத்தை சுடச்சுடத் தேத்தண்ணி தந்தார்.

"வேலையெல்லாம் எப்பிடிப் போகுது?"

"வெற்றிகரமாக, மாமா" என்றேன். முகவரி தெரியவில்லை என்று அவரிடம் சொன்னால் அந்திக்குள் அம்மாவின் காதுக்குப் போய்விடும். ஆகவே கேட்கவில்லை.

மாமா பெருமூச்சு விட்டார். "எனக்கும் ஒரு பார்சல் வரணும்யா. மக கொழும்புல இருந்து குளிருக்கு ஜெர்சி அனுப்பியிருக்கா. காலையில இருந்து வேலைக்குப் போகாம பாத்துக்கிட்டிருக்கேன். அந்த டிரைவர் பயலக் காணோம்."

ஆயிரம் பேர் கொண்ட அவை முன்னால் நிற்பதாக எனக்குத் தோன்றியது. கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன். "மாமா! உழைக்கும் மனிதனின் ஒரு நாளை வீணடிக்கும் பொறுப்பற்ற சாரதிகளை இச்சமூகம் மன்னிக்கக் கூடாது. அவன் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவனாயினும் அவனது அனுமதிப்பத்திரம் பறிக்கப்பட வேண்டும்!"

"நல்லாச் சொன்ன" என்றார் மாமா, கண் கலங்கி. அத்தை இன்னொரு கோப்பை ஊற்றினார். அதையும் குடித்துவிட்டு, ஒற்றைப் பொதியோடு ஹட்டனுக்குத் திரும்பினேன்.

சாந்தி அக்கா தன் தொலைபேசியை எடுத்தார். உறையிலிருந்த இலக்கத்தை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டார். இம்முறை அந்தப் பெண் எடுத்தார்.

"மத்தியானம் யாரோ 'பெருமதிப்பிற்குரிய'ன்னு பேசினாங்க. தேர்தல் விளம்பரம்னு நெனச்சி வெச்சிட்டேன் அக்கா. எங்க அப்பாவுக்குத்தான் அந்த பார்சல். லயத்துல சிக்னல் இல்ல, அதான் என் புது நம்பரக் குடுத்தேன். சவுக்குத் தோட்டம்னு கேட்டா சின்னப்புள்ளயும் காட்டும். அப்பா இப்பதான் மேட்டுக்கு ஏறி வந்து போன் போட்டாரு. எங்க அத்தை மகன் வேன்ல வந்து, ரெண்டு தேத்தண்ணி குடிச்சிட்டு, பார்சல் டிரைவரோட லைசன்ஸப் பறிக்கணும்னு திட்டிட்டுப் போச்சாம்."

குரல் கவிதாவுடையது. ராசு மாமாவின் மகள். பிறந்தது முதல் நான் 'ராசு மாமா' என்றே அழைத்த மனிதருக்குச் சிவசுப்பிரமணியம் என்றொரு பெயர் இருந்ததும், நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் போய்வரும் சவுக்குத் தோட்டம்தான் கடிதத்தில் வில்டன்மூர் என்பதும் அந்த ஒரு கணத்தில் எனக்குத் தெரியவந்தன. முகவரி என்னைத் தேடி வந்து தேத்தண்ணியும் ஊற்றியிருக்கிறது!

சாந்தி அக்கா அழைப்பைத் துண்டித்தார். "அந்த டிரைவரோட லைசன்ஸ என்னா செய்யலாம் தம்பி?"

நான் பதிலுரை ஆற்றாமல் ஒரு கேள்வி கேட்டேன்: "மற்றத் தோட்டங்களின் வாய்ப்பெயர்கள் என்ன அக்கா?"

ஐந்து மாதங்கள் மறுபடியும் தட்டுகளில் பொதி அடுக்கினேன். இப்போது சாரதிதான். என் சட்டைப்பையில் ஒரு சிறு கொப்பி இருக்கிறது. இடப்பக்கம் கடிதப் பெயர், வலப்பக்கம் வாய்ப்பெயர். இன்றும் மாமா வீட்டுக்கு நான் போனால், அவர் என்னை உடனே உள்ளே விடுவதில்லை. வெயில் நாளிலும் அந்த ஜெர்சியை மாட்டிக்கொண்டு வாசலை மறித்து நின்று, அடையாள அட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"கே. சிவசுப்பிரமணியம். வில்டன்மூர், மேல் பிரிவு. நல்லா வாசிச்சிப் பாத்துக்க மருமகனே."

நான் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசித்து முடித்த பின்னரே உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பார்.

"ஏய், பொறுப்பற்ற சாரதி வந்திருக்கு. ஒரு தேத்தண்ணி போடு!"