நான் ஏர் ஃபில்டர் சுத்தம் செய்த திங்கட்கிழமை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு வயது நாற்பத்தாறு. அந்த வயதில் ஒருத்தி புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கமாட்டாள். நானும் பேசினேன். ஆசிரியர் அறையில் பேசினேன், கறிக்கடையில் பேசினேன், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினேன். (டாக்டர் அன்று கூடுதலாக ஒரு ஊசி போட்டது வலிக்காக இல்லை என்பது என் மகள் யாழினியின் கருத்து.)

திருச்செங்கோட்டில் ஒரு மேல்நிலைப்பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. கணவர் ரிக் வண்டி வைத்திருக்கிறார். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ இருப்பார். அதனால் வீட்டிலிருக்கும் காருக்கு நானே ஓட்டுநர், நானே மெக்கானிக்.

ரிக் தொழிலில் இருப்பவர்களுக்குக் கடவுளுக்கு அடுத்தபடி ஏர் ஃபில்டர். பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் தூள் கம்ப்ரஸருக்குள் போய்விட்டால் அவ்வளவுதான். என் கணவர் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் ஃபில்டரைப் பார்த்தாயா என்று கேட்பார். போனிலேயே சொல்லிக்கொடுத்தார். பானெட்டைத் திற. கறுப்புப் பெட்டி இருக்கும், நாலு கிளிப்பைக் கழற்று. உள்ளே விசிறி மடிப்பாக இருக்கும் காகித ஃபில்டரை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடி. வெளிச்சம் தெரிந்தால் மெதுவாகத் தட்டித் தூசியை உதிர்த்து மறுபடி போடு, தெரியாவிட்டால் மாற்று. தண்ணீரில் கழுவாதே. பெட்டியைத் துடைக்கும்போது இன்ஜினுக்குக் காற்றுப் போகிற ஓட்டையைத் துணி வைத்து அடைத்துக்கொள், தூசி உள்ளே விழக்கூடாது.

இவ்வளவுதான். இதில் ஒரு படியைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று நான் பிற்பாடு வாதாடியிருக்கிறேன். துணியை அப்புறம் எடுக்கணும் என்று தனியாக வேறு சொல்லணுமா என்று அவர் கேட்டதோடு வாதம் முடிந்துவிட்டது.

யாழினிக்குக் குமாரபாளையத்தில் மாப்பிள்ளை பார்த்திருந்தோம். பையன் பெயர் கவின். அவன் அப்பா விசைத்தறி வைத்திருப்பவர், துண்டு நெய்வதில் கெட்டிக்காரர், அதிகம் பேசமாட்டார். அம்மா அவருக்கும் சேர்த்துப் பேசுவார். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வாங்க அவர்கள் வீட்டுக்கு நானே கார் ஓட்டிக்கொண்டு போனேன். கிளம்பும்போது சம்பந்தி ஒரு சின்னக் கைத்துண்டை என்னிடம் நீட்டினார். சந்தன நிறம், பச்சைக் கரை. கரையில் ‘கவின் – யாழினி’ என்று நூலிலேயே நெய்திருந்தது.

“தாம்பூலப் பையில எல்லாருக்கும் வெக்கறதுக்குங்க டீச்சர். இது மொதத் துண்டு. இது ஒண்ணுதான் ஓட்டியிருக்கறன். நீங்க பாத்துச் சரின்னு சொன்னீங்கன்னா மத்ததையும் தறியில ஏத்தீரலாமுங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மடிப்பு கலையாமல் வாங்கி டேஷ்போர்டுக்குள் பத்திரமாக வைத்தேன். அங்கே ஏற்கெனவே கண்ணாடி துடைக்கிற பழந்துணி மூன்று கிடந்தது. (பத்திரம் என்ற சொல்லுக்கு அன்றைக்கு என் அகராதியில் இருந்த பொருள் இதுதான்.) வழியில் சம்பந்தியம்மா சொல்லியனுப்பிய பங்கில் பெட்ரோலும் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை, பள்ளிக்கு விடுமுறை. பரமத்தி வேலூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயில். முதல் பத்திரிகையை இரண்டு வீட்டாரும் சேர்ந்து அங்கே வைப்பதாக ஏற்பாடு. அவர்கள் கார் சர்வீஸில் இருந்ததால் திருச்செங்கோடு வரை பஸ்ஸில் வந்துவிடுவார்கள், அங்கிருந்து நான் கூட்டிப்போவேன். சம்பந்திகளை ஏற்றிக்கொண்டு போகும் நாளில் வண்டி சுத்தமாக மூச்சு விடவேண்டாமா? அவர்கள் வருவதற்குள் பானெட்டைத் திறந்துவிட்டேன்.

ஒரு கையில் போன், ஸ்பீக்கரில் கணவர். மூக்குக்கண்ணாடி வீட்டுக்குள் மேசைமேல். இன்னொரு கையை டேஷ்போர்டுக்குள் விட்டு அகப்பட்ட துணியை எடுத்தேன். அதாலேயே பெட்டியின் ஓரமெல்லாம் துடைத்தேன். அதையே சுருட்டி அந்த ஓட்டையில் திணித்தேன். ஃபில்டரைச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தபோது கணவர் லைன் கட் ஆகி, சம்பந்தி லைனில் வந்தார்.

“டீச்சருங்களா, பஸ் ஸ்டேண்டுல எறங்கீட்டமுங்க.”

ஐயோ என்று ஃபில்டரைப் போட்டு, மூடியைப் போட்டு, நாலு கிளிப்பையும் அழுத்தினேன். அழுத்தும்போது கேட்ட சத்தம் எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

ஊருக்குள் மெதுவாகத்தானே போகமுடியும், வண்டியில் ஒரு குறையும் தெரியவில்லை. சம்பந்தி முன்னால் உட்கார்ந்தார். சம்பந்தியம்மா பின்னால், மடியில் பழம், பூ, பத்திரிகைத் தட்டோடு. ஊர் எல்லை தாண்டுவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

“பொம்பளைங்க வண்டி ஓட்டுனாப் பத்தாதுங்க அக்கா, பராமரிக்கவும் தெரியோணும். இப்பக்கூட ஏர் ஃபில்டரைச் சுத்தம் பண்ணீட்டுத்தான் வாரேன். மனுசனுக்கு மூக்கு எப்படியோ காருக்கு அது அப்படிங்க.”

“அப்படீங்களா டீச்சர். எங்கூட்டுல இவருக்கே அதெல்லாம் தெரியாதுங்க” என்றார் அக்கா. சம்பந்தி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் விடவில்லை. காற்றழுத்தம், எரிதல், மைலேஜ் என்று பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் பாதியை நடத்திவிட்டேன். திறந்த சாலை வந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டி இழுக்கவில்லை. இன்னும் மிதித்தேன். இன்னும் மெதுவாகப் போனது. பின்னால் கரும்பு டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்துவிட்டு எங்களை முந்திக்கொண்டு போனது. (கரும்பு டிராக்டர். பாரத்தோடு.)

“என்னுங்க டீச்சர், வண்டி இருமுது?” என்றார் சம்பந்தி. காரில் ஏறிய பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம்.

வேலூருக்குக் கொஞ்சம் முன்னால், வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மண்டிக்கு எதிரே, வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றே போய்விட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் உறுமிவிட்டு அணைந்தது. நான் கொஞ்சமும் தயங்காமல் நோயைக் கண்டுபிடித்துச் சொன்னேன்.

“பெட்ரோல்தானுங்க. நேத்து குமாரபாளையத்துல போட்டது. சுத்தக் கலப்படம். இப்படிப்பட்டவங்களை எல்லாம் உள்ள புடிச்சுப் போடோணும்.”

பின்னாலிருந்து அக்கா நிதானமாகச் சொன்னார்: “அது என் தம்பி பங்குங்க.”

அந்த நிமிஷமே இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் அதைவிட மோசமானது இனிமேல்தான் வரப்போகிறது என்று எனக்குத் தெரியாதே.

மண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு மெக்கானிக் பட்டறை இருந்தது. ஐம்பது வயசு மனிதர், கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பெட்ரோல் என்றேன். அவர் கேட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தார். ஏர் ஃபில்டர் பெட்டியில் கை வைத்தார். “அது இப்பத்தானுங்க நானே சுத்தம் பண்ணுனேன், அதுல ஒண்ணுமிருக்காது” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு கிளிப்பைக் கழற்றினார். ஃபில்டரை எடுத்தார். குனிந்து உள்ளே பார்த்தார். விரலை விட்டார்.

“என்னமோ ஹோஸுக்குள்ள போயிருக்குதுங்களே.”

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சத்தியமாக. எலியாக இருக்கும் என்று இரண்டடி பின்வாங்கினேன்.

பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் தடித்த ரப்பர்க் குழாயைக் கழற்றி, கம்பிக் கொக்கியை விட்டு மெதுவாக இழுத்தார். முதலில் ஒரு பழுப்பு முனை வந்தது. பிறகு சுருண்ட துணி வந்தது. வந்துகொண்டே இருந்தது. மண்டியில் தார் ஏற்றியவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். முழுதாக வெளியே எடுத்து, உதறி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார் மெக்கானிக். புழுதியும் எண்ணெய்க் கறையுமாக இருந்தது. அவர் கரையை வெளிச்சத்துக்குத் திருப்பி, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்.

“கவின்... யாழினி. யாருங்க இவங்க?”

மண்டியின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்திய வாயிலிருந்து வந்தது பொய்.

“யாரோ... சர்வீஸுல வெச்சிருப்பாங்களாட்ட இருக்குதுங்க.”

சம்பந்தி அந்தத் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது நான் நேத்துக் குடுத்ததுங்க டீச்சர்” என்றார். கோபமே இல்லை குரலில். அதுதான் தாங்கமுடியவில்லை.

அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த போன் அடித்தது. பதற்றத்தில் எடுத்தேன். காலையில் போட்ட ஸ்பீக்கர் பழக்கத்தில் விரல் அதிலேயே போய் அழுத்திவிட்டது. சத்தீஸ்கரிலிருந்து என் கணவரின் குரல், ரிக் சத்தத்தை மீறிப் பேசியே பழகிய குரல், பரமத்தி வேலூர் ரோடு முழுக்கக் கேட்டது.

“சுமதி, காலைல கேக்க மறந்துபோட்டேன். அந்த ஓட்டையில வெச்ச துணிய எடுத்தயா இல்லையா?”

ஒருவரும் சிரிக்கவில்லை. வாழைத்தார்க்காரர்கள்கூடச் சிரிக்கவில்லை. விஷயம் அவ்வளவு பெரியது என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது போல.

“எடுத்தாச்சுங்க” என்று சொல்லிப் போனை அணைத்தேன்.

சம்பந்தியம்மா காரிலிருந்து இறங்கினார். பூத்தட்டை இறக்கிவைக்கவில்லை, மார்போடு பிடித்திருந்தார். துண்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. “பேரெழுதுன துணி இப்படி ஆயிருச்சே. அதும் பத்திரிகை வெக்கப் போற வழியில” என்றார். பிறகு கணவரிடம், “ஏனுங்க, பஸ்ஸைப் புடிச்சு ஊட்டுக்குப் போயிரலாம். இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம்.”

இன்னொரு நாளைக்கு. ஒரு தடவை தள்ளிப்போனால் அது எங்கே போய் நிற்கும் என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் யாழினியிடம் என்ன சொல்வது? உன் கல்யாணத்தை நான் ஒரு குழாய்க்குள் வைத்து அடைத்துவிட்டேன் சாமி என்றா? பட்டறை வாசலில் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி போடாதது, டேஷ்போர்டு, பெட்டியைத் துடைத்தது, திணித்தது, இப்போது சொன்ன பொய், தம்பி பங்கைப் பழித்தது, ஒன்று விடவில்லை.

“என் மேல கோவப்படுங்க அக்கா. புள்ள மேல இத ஏத்தீராதீங்க.”

சம்பந்தி இதற்குள் மெக்கானிக்கிடம் சோப்பு வாங்கிக்கொண்டு பட்டறைக் குழாயடிக்குப் போயிருந்தார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அந்தத் துண்டைக் கசக்கினார், அலசினார், பிழிந்தார். பிறகு கரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு முனையையும் பிடித்துச் சுண்டினார். எண்ணெய்க் கறை போகவில்லை. ஆனால் அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பிரகாசம் வந்தது.

“ஒரு இழை அறுபடல. பச்சையும் ஓடல” என்றார் மனைவியிடம். “இன்ஜினே இழுத்தும் ஒண்ணும் ஆகல. எதுக்குத் திரும்பிப் போறது? ஏறு.”

அவர் அதிகம் பேசாதவர் என்பதால் பேசினால் எடுபடும். அக்கா ஏறினார். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குழாயை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் வண்டி சிணுங்காமல் கிளம்பியது. மெக்கானிக் காசு வேண்டாம் என்றுவிட்டார். (வாழ்நாளெல்லாம் சொல்ல ஒரு கதை கிடைத்த திருப்தி அவருக்கு.)

நான் வாயே திறக்கவில்லை. ஐந்து கிலோமீட்டர் இருக்கும். கோயில் கோபுரம் தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து அக்காவின் குரல், ரொம்ப யோசித்துக் கேட்டதுபோல.

“ஏனுங்க டீச்சர், அந்த ஓட்டை எவ்வளவு பெருசு இருக்கும்?”

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து விரல்களை வளைத்துக் காட்டினேன்.

“அதுக்குள்ளயா முழுத் துண்டும் போச்சு?”

“ஆமாங்க அக்கா. கரையோட.”

ஒரு விக்கல் கேட்டது. அழுகிறார் என்று நினைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். “காருக்கு மூக்குன்னீங்களே டீச்சர்” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. கோயில் வாசலில் காரை நிறுத்திய பிறகும் இறங்க முடியாமல் சிரித்தார். பூசாரி வந்து என்ன விசேஷம் என்று கேட்டார். கல்யாணமுங்க என்றேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. தாம்பூலப் பையில் எல்லாருக்கும் அதே துண்டு. வாங்கியவர்களில் பாதிப்பேர் அதை விரித்துப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு முறை பார்த்தார்கள். அக்கா அன்று பந்தியில் எல்லா வரிசைக்கும் போய் இந்தக் கதையைச் சொல்லியிருந்தார், பெட்ரோல் பங்கு பாகத்தைத் தம்பிக்கு மட்டும் தனியாக.

இப்போதும் நான் பானெட்டைத் திறந்தால் என் மருமகன் கொடியில் காயும் துணியை எண்ணிவிட்டுத்தான் உட்காருவார். கணவர் போனை வைக்கும்போது ‘வெச்சர்றேன்’ என்று சொல்வதை விட்டு வருஷங்கள் ஆகின்றன. ‘துணிய எடுத்துட்டயா’ என்பார். நான் ‘எடுத்துட்டேன்’ என்பேன். அப்புறம்தான் லைன் கட் ஆகும்.

சம்பந்தி அந்த முதல் துண்டை என்னிடம் திருப்பித் தரவே இல்லை. எண்ணெய்க் கறையோடு தறிக் கொட்டகை அலுவலகத்தில் மாட்டிவைத்திருக்கிறார் என்று மகள் சொன்னாள். எதற்கு என்று எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. சேலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த, குமாரபாளையத்தில் துண்டு எடுக்கும் ஜவுளி வியாபாரி ஒருவர் பேச்சுக்கொடுத்தார். திருச்செங்கோடு, டீச்சர், சம்பந்தி குமாரபாளையம் என்றதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அந்தத் துண்டையெல்லாம் இன்ஜினுக்குள்ள உட்டு டெஸ்ட் பண்றது நீங்கதானுங்களா?”

ஆமாங்க என்றேன்.