டபுள் விசிலும் ஒரு மாத்திரைக்காரியும்

கொரோனா என்ற பெயரைக் கேட்டே ஊர் உலகமெல்லாம் நடுங்கிய காலத்தில், அதைத் தெருமுனையிலேயே நிறுத்தி, "வண்டி ஃபுல்லு, எறங்கு" என்று சொன்ன ஒரே மனிதர் எங்கள் டபுள் விசில்தான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ராஜபாளையத்துக்கு வந்து எங்கள் வரிசை வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். பக்கத்து வீட்டு பாக்கியத்தக்கா இன்னும் ஒருபடி மேலே போய், அந்தக் கிருமி அவரிடம் டிக்கெட் கேட்டு நின்றதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சத்தியம் செய்வாள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவர். ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசில் ஊதினால் கிளம்ப வேண்டும். இந்த ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டே வாழ்க்கை முழுவதையும் ஓட்டிவிட்டார். பெண்டாட்டி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. வேலையை விட்ட அன்று தோல்பையை முதலாளியிடம் ஒப்படைத்தவர், விசிலை மட்டும் கொடுக்கவில்லை. அது கறுப்புக் கயிற்றில் கழுத்தில் தொங்கியது. சொந்தப் பெயர் என்னவென்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நேரில் 'கண்டக்டரய்யா', முதுகுக்குப் பின்னால் 'டபுள் விசில்'.

கல்யாணப் பந்தியில், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எம்புட்டு எடம் கெடக்கு" என்று அவர்தான் ஆட்களை உட்கார வைப்பார். ஒருமுறை தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பாடையைத் தூக்கிய பிறகும், எந்த வழியாகப் போவது என்று சொந்தக்காரர்கள் வாக்குவாதம் செய்துகொண்டு நின்றார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் இரண்டு விசில் ஊதிவிட்டார். தூக்கியிருந்த நாலு பேரும் அவர் பஸ்ஸில் மில்லுக்குப் போய் வந்தவர்கள். பாடை விறுவிறுவென்று கிளம்பிவிட்டது. முன்னால் போக வேண்டிய மூத்த மகன் நெருப்புச் சட்டியோடு பின்னால் ஓடினார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்தாலும், மூலையில் ஒரு துண்டைக் கிழித்து நம்மிடமே நீட்டுவார். கல்யாணப் பத்திரிகையா, கரண்ட் பில்லா என்றெல்லாம் பார்க்கமாட்டார். கேட்டால், "கை பழகிப்போச்சு தாயி" என்பார். இதைச் சிரித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பின்னால் என் உயிரே இதில்தான் ஊசலாடப்போகிறது.

இனி என் கதை. எனக்கு ஏழு வருஷமாக ஒரு வியாதி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் என் மூட்டுகளையும் சிறுநீரகத்தையும் போட்டு அடிக்கும். அதை அடக்க மதுரை டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். தினமும் காலையில் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். வலியை அடக்கியது, இல்லை என்று சொல்லமாட்டேன். கூடவே என் முகத்தைத் தாம்பாளம் மாதிரி வட்டமாக்கியது, தூக்கத்தைப் பிடுங்கியது, ஆறு இட்லி தின்ற பிறகும் ஏழாவதைத் தேட வைத்தது. கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேயே நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். "என்னக்கா, சதை போட்டுச் செழிப்பா இருக்கீக, தெனமும் பால்கோவாவோ?" என்று கேட்ட ஒரு வக்கீல் குமாஸ்தாவின் மனுவை மூன்று நாள் தொடவே இல்லை நான்.

டாக்டர் இரண்டு விஷயங்களை மட்டும் அடித்துச் சொல்லியிருந்தார். மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், அதனால் காய்ச்சல் இருமல்காரர்கள் பக்கமே போகக்கூடாது. அடுத்தது, அவரைக் கேட்காமல் ஒருநாள்கூட மாத்திரையை நிறுத்தக்கூடாது. இத்தனை வருஷம் வெளியிலிருந்தே கொடுத்ததால், உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும் என்றார். அந்த நிலைமையில்தான் கொரோனா வந்தது. கடையைப் பூட்டினேன். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கிருமியை எனக்குக் கொண்டுவந்துவிடக்கூடாது என்று, மாதக்கணக்கில் லாரியிலேயே குடித்தனம் நடத்தினார். நான் வீட்டில் தனியாக இருந்தேன். பயமாக இருந்தது, வெளியே சொல்லவில்லை.

ஒருநாள் பொதுக்குழாயடியில் எல்லோரையும் விட்டு ஒதுங்கி நின்றேன். டபுள் விசில் கேட்டார்.

"என்ன தாயி, கொடத்த வச்சுக்கிட்டு அங்கன போயி நிக்க?"

மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். விசிலைக் கையில் எடுத்தார்.

"அப்ப ஒனக்குத் தனி சீட்டு. பக்கத்துல ஒரு பய உக்காரப்பிடாது. வண்டி போய்ச் சேருற வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்."

அன்றைக்கே தெரு அவர் கைக்குப் போய்விட்டது. என் வாசலிலிருந்து நாலு எட்டுத் தள்ளி ஒரு செங்கல்லை வைத்தார். அதுதான் ஸ்டாப். யாராவது அதைத் தாண்டினால் ஒரு விசில். எங்கள் ஊர்க்காரர்கள் அந்த விசிலுக்கு முப்பது வருஷம் பழகியவர்கள். கேட்டதும் தூக்கிய காலைக் கீழே வைக்கமாட்டார்கள். பால்காரர் சைக்கிளோடு அப்படியே நிற்பார். ஊரடங்கை மீறுகிறவர்களை நிறுத்த வந்த போலீஸ்காரரே ஒருமுறை டக்கென்று நின்றுவிட்டு, யார் யாரை நிறுத்துவது என்று குழம்பிப்போய்த் திரும்பினார்.

காய்ச்சல் கணக்கெடுக்க வந்த சுகாதாரப் பணியாளர் பெண், "அய்யா, விசில் ஊதுனா எச்சி தெறிக்கும், மாஸ்க்கப் போடுங்க" என்று கண்டித்தாள். நியாயமான பேச்சுக்கு அவர் எப்போதும் கட்டுப்படுவார். மறுநாளிலிருந்து விசிலை வாயில் வைத்து அதற்கு மேலே மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். ஊதும்போதெல்லாம் மாஸ்க் பூரி மாதிரி உப்பி அடங்கும்.

ஊரடங்கு தளர்ந்து மறுபடி பஸ் விட ஆரம்பித்த வாரத்தில், வத்திராயிருப்பிலிருந்து என் சித்தி வந்தாள். பை நிறையக் கொய்யாப்பழம், தொண்டை நிறைய இருமல். செங்கல்லை நெருங்கியதும் விசில் கேட்டது.

"வண்டி ஃபுல்லு. அடுத்ததுல வாங்க."

"ஏய்யா, நான் பஸ்ஸுக்கா வந்து நிக்கேன்? எம் மகளப் பாக்க வந்திருக்கேன்."

"இருமலோட யாரையும் ஏத்தக்கூடாதுன்னு ஓனரு சொல்லிட்டாரு."

"எந்த ஓனரு?"

"மதுரை டாக்டரு."

சித்தி பழத்தைச் செங்கல் மேல் வைத்துவிட்டு, "இந்தாளு வெளங்குவானா" என்று வைதுகொண்டே போனாள். எனக்கு வந்ததே ஆத்திரம். வாசலில் நின்று கத்தினேன்.

"கண்டக்டரய்யா, நான் என்ன லக்கேஜா? வாரவுக போறவுகளையெல்லாம் வெரட்டுதீக!"

"லக்கேஜுன்னா டாப்புல தூக்கிப் போட்டிருவேன் தாயி. நீ கண்ணாடிச் சாமான். மடியில வச்சுல்லா கொண்டு போணும்."

கதவைப் படாரென்று சாத்திவிட்டு உள்ளே போய் அழுதேன். மாத்திரை போடுகிறவர்களுக்கு இப்படி அழுகை வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாக்கியத்தக்கா சும்மா இருப்பாளா? "ஏட்டி, அந்த மாத்திரையாலதான ஒனக்குச் சத்துக் கொறையுது? அதத் தூரப் போட்டுட்டுக் கசாயத்தக் குடி" என்றாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சபலம் தட்டியது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இந்தச் சனியன் இல்லாவிட்டால் நானும் நாலு பேரைப்போலக் குழாயடியில் நிற்கலாமே என்று தோன்றியது. தெருவில் நின்று இதைக் கேட்ட டபுள் விசில் மாஸ்க்கை இறக்கினார்.

"ஏ பாக்கியம், ஓடுத வண்டியிலருந்து குதிக்கச் சொல்லுதியே, ஒனக்குக் கூறு இருக்கா? ஸ்டாப்பு வரும், டாக்டரு சொல்லுவாரு, பொறவு மெல்ல எறங்கிக்கிடலாம்."

நான் குதிக்கவில்லை.

ஒரு வருஷம் இப்படி ஓடியது. இரண்டாவது அலையின்போது, இந்த மாத்திரைதான் கொரோனாவுக்கு மருந்து என்று யாரோ வாட்ஸப்பில் கிளப்பிவிட்டார்கள். தேவை இல்லாதவர்களெல்லாம் வாங்கி வீட்டில் அடுக்கினார்கள். ராஜபாளையத்தில் எனக்காக டபுள் விசில் ஏறி இறங்காத மெடிக்கல் ஷாப் இல்லை. எங்கேயும் ஸ்டாக் இல்லை. என் டப்பாவில் மூன்று இருந்தது இரண்டானது, இரண்டு ஒன்றானது. அதையும் விழுங்கிய அன்று சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் இருப்பதாகத் தகவல் வந்தது.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்தார். மருந்துச் சீட்டைச் செங்கல் மேல் வைத்தேன். எடுத்தவர், மடித்துச் சட்டைப்பையில் வைப்பதற்கு முன்னால் கைப்பழக்கத்தில் மூலையைக் கிழித்துச் செங்கல் மேல் வைத்தார். தனக்குத் தானே இரண்டு விசில் ஊதிக்கொண்டு கிளம்பிப் போனார். நானும் பழக்கத்தில் அந்தத் துண்டை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

பத்து மணிக்கு மேல் புது நம்பரிலிருந்து போன் வந்தது.

"தாயி, நான் தப்புப் பண்ணிட்டேன்."

அவர் குரல் உடைந்து நான் அதுவரை கேட்டதில்லை. கிழித்த மூலையில்தான் டாக்டரின் சீலும் கையெழுத்தும் இருந்திருக்கின்றன. ஆளாளுக்கு வாங்கிப் பதுக்குகிற நேரம், அது இல்லாமல் தரமுடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

"அவரு சொல்லுததும் நாயந்தான். டிக்கெட் இல்லாத ஆள எப்பிடி ஏத்துவாரு? அந்தத் துண்டு இருக்கா தாயி?"

கூடையைத் தலைகீழாகக் கொட்டினேன். தரையிலேயே உட்கார்ந்தேன். தேங்காய் நாரை விலக்கி, வெங்காயத் தோலை விலக்கி, காபிச் சக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். கறையோடு கிடைத்தது. புடவைத் தலைப்பில் துடைத்துப் படம் எடுத்து, போன் வந்த கடைக்காரர் நம்பருக்கே அனுப்பினேன். அவர், கையிலிருந்த சீட்டின் கிழிசலையும் படத்தில் இருந்த கிழிசலையும் வைத்துப் பொருத்திப் பார்த்தாராம். மயிரிழை பிசகாமல் பொருந்தியதாம். "எத்தன வருஷ சர்வீஸ் அண்ணாச்சி? கிழிச்சாலும் இம்புட்டு நேராக் கிழிச்சிருக்கீக!" என்று கேட்டுக்கொண்டே மாத்திரையை எடுத்துக் கொடுத்தாராம்.

உச்சி வெயிலில் சட்டை தொப்பலாக நனைய வந்து சேர்ந்தார். மாத்திரையைச் செங்கல் மேல் வைத்தார். ஒரு விசில் ஊதி என்னை நிறுத்திவிட்டு, பத்தடி பின்னால் போய் நின்று, இரண்டு விசில் ஊதினார். நான் போய் எடுத்துக்கொண்டேன். சாப்பிட்டு, மாத்திரையை விழுங்கி, வெறும் நாக்கை நீட்டிக் காட்டும்வரை வெயிலிலேயே நின்றார். "ரைட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரமே அவருக்குக் காய்ச்சல். தூக்குச்சட்டியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு ஓடினேன். செங்கல்லுக்குப் பக்கத்தில் போனபோது, அவர் வீட்டு ஜன்னலிலிருந்து நீளமாக ஒரு விசில்.

"நில்லு தாயி! தாண்டுனியோ, இம்புட்டு நாள் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்."

நின்றேன். என்னை ஒரு வருஷமாகக் காத்தவருக்கு ஒரு வாய்க் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லாமல் நின்றேன். அந்த மாத்திரையை அன்றைக்கு வெறுத்த அளவுக்கு நான் என்றைக்கும் வெறுத்ததில்லை. பாக்கியத்தக்காதான் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு போய் அவர் ஜன்னலில் வைத்தாள். மறுநாள் ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது.

நாலு நாள் ஒரு தகவலும் இல்லை. ஐந்தாம் நாள் போன் வந்தது.

"வேலாயுதத்துக்கு வேண்டியவங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன். திரும்பவும் அடித்தது. "வேலாயுதம்னு எனக்கு யாரையும் தெரியாதுங்கேன், வேற வேல இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன். மூன்றாவது தடவையும் அடித்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

"இருங்கம்மா, பேஷண்ட் என்னமோ பண்ணுதாரு... அய்யா, ஆக்சிஜன் மாஸ்க்க எடுக்காதீங்க!"

பிறகு போனில் கேட்டது. காற்றுப் போதாமல், மெலிந்து, விட்டு விட்டு, இரண்டு விசில்.

"எங்க ஆளுதாம்மா! எங்க ஆளுதான்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"ஃபாரத்துல உறவுமுறை எழுதணும்மா. நீங்க யாருன்னு கேட்டா 'பாசஞ்சரு'ங்காரு. நாங்க என்னன்னு எழுத?"

"மகள்னு எழுதுங்க" என்றேன்.

மனுஷன் பிழைத்து வந்தார். நுரையீரலில் சளி கட்டியதால், அங்கே டாக்டர்கள் அவருக்கும் பத்து நாள் ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். வந்து இறங்கியதும் இறங்காததுமாக, நலம் விசாரித்த பாக்கியத்தக்காவிடம் வள்ளென்று விழுந்தார். எட்டு இட்லி கேட்டு வாங்கித் தின்றார். செங்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தார்.

"ஏ தாயி, ஏழு வருஷமா இதையா முழுங்குத? பத்து நாள்ல எனக்கு யாரப் பாத்தாலும் கடிச்சு வைக்கணும்போல வருது. ஒனக்கு எம்புட்டுப் பொறுமை!"

என்னைப் பெற்றவர்களும் சரி, கட்டியவரும் சரி, ஒருநாளும் எனக்குக் கொடுக்காத பட்டம் அது.

அலை ஓய்ந்தது. இரண்டு பேரும் இரண்டு தடுப்பூசியும் போட்டுக்கொண்டோம். மதுரை டாக்டர் என் மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்தார். செங்கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒருநாள் காலையில், டபுள் விசில் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதினார். எனக்குப் புரியவில்லை.

"என்ன கண்டக்டரய்யா?"

"வா தாயி. பக்கத்து சீட்டு காலியாத்தான் கெடக்கு."

செங்கல்லைத் தாண்டிப் போய், ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஃபாரத்தில் என்ன எழுதச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"காபி குடிக்கீகளா, அப்பா?" என்று மட்டும் கேட்டேன்.